சொத்தவிளை மணலின் உமிழ்திறன் நண்பகலில் 1.04, அந்தியில் 0.87: களத்தில் அளப்பது எப்படி?

கேள்வி: ஆய்வு மாணவி, நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். செயற்கைக்கோள் படங்களிலிருந்து நம் மாவட்டக் கடற்கரையின் தரை வெப்பநிலையைக் கணிப்பது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். தரை எவ்வளவு கதிர்வீச்சை அனுப்புகிறது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லிவிடும். அந்தக் கதிர்வீச்சை வெப்பநிலையாக மாற்றுவதற்குத் தரையின் உமிழ்திறன் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, அதே வெப்பநிலையில் உள்ள கரும்பொருள் (தன்மேல் விழும் கதிர் முழுவதையும் உறிஞ்சி, இயன்ற அளவு முழுவதையும் உமிழும் இலட்சியப் பொருள்) ஒன்று உமிழ்வதில் எத்தனை பங்கை இந்தத் தரை உமிழ்கிறது என்பது தெரிய வேண்டும். பிற நாட்டு மணலுக்கான பட்டியல் மதிப்புகளை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே சொத்தவிளைக் கடற்கரையில் நானே அளக்கத் தொடங்கினேன், தொடங்கிய இடத்திலேயே சிக்கிக்கொண்டேன்.

நான் செய்தது இதுதான். 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களை உணரும் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியை, அதன் உமிழ்திறன் அமைப்பை 1.00 என்று வைத்து, உலர்ந்த மணலை நேர்கீழாக நோக்கிப் பிடித்தேன். அதே இடத்தில் மெல்லிய வெப்ப மின்னிரட்டையின் (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்த, தொட்டு அளக்கும் வெப்ப உணரி) முனையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் செருகி மணலின் உண்மையான வெப்பநிலையைக் குறித்துக்கொண்டேன். மணல் தான் உமிழ்வதோடு வானத்திலிருந்து வரும் வெப்பக் கதிரையும் கொஞ்சம் எதிரொளிக்கும் என்பதால், வெப்பமானியைத் தலைக்கு நேர்மேலே காட்டி வானத்தையும் அளந்தேன். சுழியத்துக்குக் கீழே 5 டிகிரி காட்டியது. மூன்று அளவுகளையும் வெப்பநிலையையும் கதிர்வீச்சையும் இணைக்கும் பிளாங்க் சமன்பாட்டைக் கொண்டு கதிர்வீச்சாக மாற்றி, வானத்தின் பங்கைக் கழித்து, உமிழ்திறனைக் கணக்கிட்டேன்.

நண்பகலில் அகச்சிவப்பு வெப்பமானி 48.6 டிகிரி செல்சியஸும் மின்னிரட்டை 46.8 டிகிரியும் காட்டின, கணக்கில் 1.04 வந்தது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் முறையே 27.0, 31.0 டிகிரி, கணக்கில் 0.87 வந்தது. எந்தப் பொருளும் கரும்பொருளை மிஞ்சி உமிழ முடியாது என்பதால் முதல் விடை பிழை என்பது தெளிவு. இரண்டாவது விடையையும் அதே முறையில்தான் பெற்றேன் என்பதால் அதையும் நம்ப முடியவில்லை. கருவியை இருமுறை சோதித்துவிட்டேன். பனிக்கட்டி நீரில் இரண்டும் சுழியத்தை ஒட்டியே காட்டுகின்றன.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இதே இடத்துக்குச் செயற்கைக்கோள் தரவில் 0.97 என்ற மதிப்பைப் பார்க்கிறேன். நூல்களிலோ குவார்ட்ஸ் மணலுக்கு 0.90 முதல் 0.92 வரை என்று இருக்கிறது. எதை நம்புவது? அடுத்து மருந்துவாழ் மலையின் பாறையையும் தேரூர்ப் பக்கத்து நெல்வயலையும் அளக்க எண்ணியிருப்பதால், முறையை இப்போதே திருத்திக்கொள்ள விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மார்த்தாண்டம்

மகளே, உன் இரண்டு கருவிகளும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் அவை இரண்டும் ஒரே பொருளின் வெப்பநிலையைச் சொல்லவில்லை. வெப்ப அகச்சிவப்புக் கதிர் மணலின் மேற்பரப்பில் உள்ள மிக மெல்லிய படலத்திலிருந்து, ஒரு மணியின் தடிமனுக்கும் குறைந்த ஆழத்திலிருந்து, வெளியே வருகிறது. உன் மின்னிரட்டையின் முனை அதற்கு அரை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. ஈர மண்ணிலோ உலோகத்திலோ இந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது. உலர்ந்த மணல் காற்றை அடைத்து வைத்திருக்கும் பொருள். அதன் வெப்பங்கடத்தும் திறன் மீட்டருக்குக் கெல்வினுக்கு 0.2 முதல் 0.3 வாட் அளவுக்குத்தான் இருக்கும். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 200 வாட் வெப்பம் மணலுக்குள் இறங்கினால், ஒவ்வொரு மில்லிமீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் வெப்பநிலை குறைந்துகொண்டே போகும். வெறுங்காலோடு நண்பகலில் மணலில் நடந்தவர்கள், பாதத்தைச் சற்று உள்ளே புதைத்தவுடன் சூடு தணிவதை உணர்ந்திருப்பார்கள். அதே செய்திதான் உன் எண்களிலும் இருக்கிறது.

உன் நண்பகல் அளவையே எடுத்துக்கொள்வோம். மணலின் உமிழ்திறன் 0.93 என்றும் வானம் நீ சொன்ன அளவென்றும் கொண்டால், வெப்பமானி 48.6 காட்டுவதற்கு மேற்பரப்பு 52 டிகிரியை ஒட்டி இருந்திருக்க வேண்டும். முனை 46.8 டிகிரியில் இருந்தது. உண்மையைவிட 5 டிகிரி குறைந்த வெப்பநிலையை வகுக்கும் எண்ணாக வைத்ததால் விடை ஒன்றைத் தாண்டியது. அந்தியில் இது தலைகீழாகிறது. மேற்பரப்பு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து முதலில் குளிர்கிறது. உள்ளே பகற்சூடு தங்கியிருக்கிறது. 29 டிகிரி மேற்பரப்புக்கு 31 டிகிரி என்று எழுதினால் 0.93 என்பது 0.87 ஆகிவிடும். முனையை மேலே கொண்டுவந்து மணலின்மேல் கிடத்தினாலும் பயனில்லை. அப்போது அது வெயிலையும் கடற்காற்றையும் தனியே ஏற்று, மணலுக்குரியதல்லாத ஒரு வெப்பநிலையைக் காட்டும்.

ஆகவே மணலைத் தொடாமல், கதிர்வீச்சைக் கொண்டே அதன் வெப்பநிலையையும் அறியும் வழி வேண்டும். அந்த வழியைப் பெட்டி முறை என்பார்கள். பியூட்னர், கெர்ன் ஆகிய இருவர் 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் தரைப்பரப்புகளின் உமிழ்திறனை இவ்வாறு அளந்து காட்டினார்கள். பின்னர் ஸ்பெயின் நாட்டின் வாலன்சியாப் பல்கலைக்கழகத்தார் அதை இரு மூடிப் பெட்டியாகச் செம்மைப்படுத்தினார்கள். இதன் அடிப்படை எளியது. அடிப்பக்கம் திறந்த பெட்டி ஒன்றின் உட்சுவர் முழுவதும் கண்ணாடி போல் மெருகேற்றிய அலுமினியமாக இருக்கட்டும். அதை மணல்மேல் வைத்து, மேலே அதே மெருகுத் தகட்டால் ஆன மூடியால் மூடினால், மணல் உமிழும் கதிர் வெளியே போக வழியின்றிச் சுவர்களில் எதிரொளித்து மீண்டும் மணலுக்கே திரும்பும். மணல் எதை எதிரொளித்தாலும் அது மணலின் சொந்தக் கதிராகவே இருக்கும். ஆகவே மூடியில் உள்ள சிறு துளை வழியே பார்க்கும் வெப்பமானிக்கு, அந்த மணல் உமிழ்திறன் 1 உடைய கரும்பொருளாகத் தோன்றும். மணலின் உண்மையான மேற்பரப்பு வெப்பநிலை இப்படிக் கிடைத்துவிடுகிறது.

பாலைவனத்தில் என்றால் இதன்பின் பெட்டியைத் திறந்து, குளிர்ந்த வறண்ட வானத்தை எதிரொளிக்கும் நிலையில் இன்னோர் அளவு எடுத்தாலே போதும். அங்கே தெளிந்த வானம் சுழியத்துக்குக் கீழே 50 டிகிரி வரைகூடக் காட்டும் என்பதால் வேறுபாடு பெரிதாக இருக்கும். நம் ஊர் வானம் அப்படியன்று. இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது; கடல் மூன்று பக்கத்திலும் கூடும் முனைக்கு அருகில் நின்று அளக்கிறாய். காற்றில் உள்ள நீராவியே வெப்பக் கதிரை அனுப்பி வானத்தைச் சூடாகக் காட்டுகிறது; ஒரு முகில் கடந்தால் அளவு மாறிவிடுகிறது. இங்கே வானத்தை நம்பி உமிழ்திறனை அளப்பது, ஆடும் தராசில் பொன் நிறுப்பது போன்றது. அதனால்தான் இரண்டாவது மூடியைப் பரிந்துரைக்கிறேன்: கரும்பூச்சுப் பூசி, மணலைவிட 15 முதல் 20 டிகிரி கூடுதலாகச் சூடேற்றிய மூடி. குளிர்ந்த வானத்தின் இடத்தில் நாமே ஒரு சூடான வானத்தை வைக்கிறோம். அது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

முதலில் மெருகு மூடியோடு மணலைப் பார்த்து ஓர் அளவு எடுக்க வேண்டும். அது மணலின் வெப்பநிலை. உடனே சூடான மூடிக்கு மாற்றி மணலைப் பார்க்க வேண்டும்; இப்போது மணல் தன் கதிரோடு மூடியின் கதிரில் ஒரு பகுதியையும் எதிரொளிப்பதால் அளவு சற்று ஏறும். பின்பு சூடான மூடி மேலேயே இருக்க, பெட்டியைத் தூக்கி அடியில் மெருகுத் தகட்டை வைத்துப் பார்த்தால் சூடான மூடியின் வெப்பநிலை கிடைக்கும். மூன்றையும் கதிர்வீச்சாக மாற்றிக்கொண்டு, மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்ததை, மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்ததால் வகுத்தால் வருவதே உமிழ்திறன். எல்லாம் கழித்தல்களாக இருப்பதால், உன் கருவி எப்போதும் ஒரு டிகிரி கூட்டியே காட்டினாலும் விடை பெரிதாகக் கெடாது. கருவி நுண்ணிய மாற்றத்தை நிலையாகக் காட்ட வேண்டும் என்பதே முக்கியம். மூடிக்கும் மணலுக்கும் 20 டிகிரி வேறுபாடு இருக்கும்போது, இரண்டாவது அளவில் 0.1 டிகிரி தவறினால் உமிழ்திறனில் 0.005 அளவுக்குத் தவறு வரும். இதை மனத்தில் வைத்து ஒவ்வோர் அளவையும் பலமுறை எடு.

பெட்டியை நானே இருமுறை செய்திருக்கிறேன் என்பதால் கைப்பாடத்தையும் சொல்கிறேன். பிளைவுட்டில் 30 சென்டிமீட்டர் சதுர அடிப்பரப்பும் 80 சென்டிமீட்டர் உயரமும் இருக்கட்டும். உன் கருவி, தொலைவுக்கும் அது பார்க்கும் வட்டத்தின் அகலத்துக்கும் 12-க்கு 1 என்ற விகிதம் உடையதாக இருந்தால் அந்த உயரத்திலிருந்து 7 சென்டிமீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். அதன் விளிம்பைத் தாண்டியும் கொஞ்சம் கதிர் உள்ளே வரும் என்பதால் அடிப்பரப்பு தாராளமாக இருப்பது நல்லது. மெருகுத் தகட்டில் விரல்ரேகை படக்கூடாது. உப்புக்காற்றில் இரண்டு நாள் திறந்து கிடந்தாலே மங்கிவிடும், ஆகவே மெல்லிய துணியால் மூடி எடுத்துச் செல். வெளிப்புறம் முழுவதும் தெர்மாகோல் ஒட்டு.

வெப்பமானியைச் சரிபார்க்கப் பனிக்கட்டி நீர் மட்டும் போதாது. நீ அளக்கும் வெப்பநிலைக்கு அருகிலும் சோதிக்க வேண்டும். வீட்டில் பழைய பித்தளைச் செம்பு இருந்தால் அதன் உட்புறம் மங்கலான கரும்பூச்சுப் பூசி, கழுத்துவரை வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்திக் கலக்கிக்கொண்டே இருந்தால், அதன் குறுகிய வாய் 0.99-க்கு மேற்பட்ட உமிழ்திறன் உள்ள கரும்பொருளாகச் செயல்படும். நீரின் வெப்பநிலையை நல்ல வெப்பமானியால் அளந்து ஒப்பிடு. செம்பின் வாய் கருவி பார்க்கும் வட்டத்தைவிட அகலமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. களத்துக்குச் சென்றதும் கருவியை நிழலில் அரைமணி நேரம் வைத்துவிட்டுத் தொடங்கு. வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அளந்தால் கருவியின் சொந்தச் சூடே அளவைக் கெடுக்கும். எல்லாவற்றையும் விடியுமுன் செய்து முடித்துவிடுவது நல்லது; அப்போது மணலின் வெப்பநிலை மெதுவாகவே மாறும்.

மறுமொழி 2: வேளாண் ஆய்வுப் பணியில் இருப்பவர், தோவாளை

ஐயா பெட்டியைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. அளக்கும் நேரம் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் நம் வயல்களிலும் கடலோர மணலிலும் பனி இறங்கியிருக்கும். கடற்கரை மணலில் உப்பும் கலந்திருப்பதால் அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நீரின் உமிழ்திறன் 0.98-க்கு மேல், மணல்மணிகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் படிந்தாலே மணலின் மதிப்பு ஏறிவிடும். மணற்பாங்கான மண்ணில்தான் இந்த ஏற்றம் மிகுதி. களிமண்ணில் அவ்வளவு இருக்காது. விடியற்காலையில் அளந்துவிட்டு, அதை நண்பகல் மணலுக்குரிய மதிப்பாகப் பயன்படுத்தினால் வேறொரு பொருளை அளந்ததாகவே ஆகும். ஆகவே தங்கையே, சூரியன் மறைந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, பனி இறங்குமுன் அளப்பதே நம் பகுதிக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. எந்த நேரத்தில் அளந்தாலும் அதே இடத்தின் மேல்மணலில் ஒரு கரண்டி அள்ளி, காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி மீண்டும் எடைபோட்டு ஈர அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஈர அளவு இல்லாத மண் உமிழ்திறன் எண்ணைப் பின்னர் யாராலும் பயன்படுத்த முடியாது.

வயலைப் பொறுத்தவரை அதிக உழைப்பு வேண்டாம். ஓர் இலை மட்டும் 0.95 முதல் 0.98 வரை இருக்கலாம். ஆனால் நெருங்கி வளர்ந்த பயிரில் ஓர் இலை எதிரொளிக்கும் கதிர் வேறொன்றின் மேல் பட்டு உறிஞ்சப்படுவதால், வயல் முழுவதும் ஒரு குழி போலச் செயல்பட்டு 0.98, 0.99 என்று உயர்ந்துவிடும். கும்பப்பூப் பருவத்தில் கதிர் வாங்கும் நிலையில் உள்ள வயலுக்கு 0.985 என்று கொண்டால் தவறு மிகச் சிறியதாகவே இருக்கும். நடவு முடிந்த முதல் மூன்று வாரத்தில் இடையிடையே தெரிவது நீர் என்பதால் அப்போதும் கவலையில்லை. சிக்கலான காலம் அறுவடைக்குப் பின் வரும். காய்ந்த தாளும் வெடித்த மண்ணும் கலந்து கிடக்கும்போது மதிப்பு குறைந்து, இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பெட்டியை அங்கே கொண்டுசெல்லுங்கள்.

பாறைக்கு ஒரு சொல். மருந்துவாழ் மலையின் பாறைமேல் பெட்டியின் விளிம்பு சமமாக உட்காராது. இடுக்கு வழியே காற்று புகும். மணல் நிரப்பிய சிறு துணிப்பைகளை நான்கு பக்கமும் நெருக்கி வைத்தால் அடைபடும். பாறை வெப்பத்தை நன்கு கடத்துவதால் எளிய மாற்று வழியும் உண்டு. உமிழ்திறன் 0.95 அளவுள்ள கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி, இரவில் டேப்பையும் பக்கத்துப் பாறையையும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிடலாம். பகலில் இதைச் செய்யக்கூடாது. வெயிலைக் கறுப்பு டேப் கூடுதலாக வாங்கிக்கொண்டு பாறையைவிடச் சூடேறிவிடும். மணலில் டேப் ஒட்டாது என்பதால் அங்கே இந்த வழி இல்லை.

மறுமொழி 3: தொலையுணர்வுத் துறையில் பணிபுரிபவர், சொந்த ஊர் தக்கலை

செயற்கைக்கோள் தரவில் 0.97, நூலில் 0.92 என்ற குழப்பத்துக்கு விடை அலைநீளத்தில் இருக்கிறது. குவார்ட்ஸ் மணலுக்கு ஒரே உமிழ்திறன் என்று ஒன்று கிடையாது. அதில் உள்ள சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்புகளின் அதிர்வால் 8 முதல் 9.5 மைக்ரோமீட்டர் வரையிலான பகுதியில் மணல் கதிரை வலுவாக எதிரொளிக்கிறது. கிர்க்காஃப் விதிப்படி, ஊடுருவ விடாத பொருளில் எதிரொளிப்பு கூடினால் அதே அளவுக்கு உமிழ்வு குறைய வேண்டும். ஆகவே அந்தப் பகுதியில் மட்டும் உமிழ்திறன் 0.8-க்கும் கீழே சரிகிறது. 10.5 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் அதே மணல் 0.96, 0.97 என்று உயர்ந்து நிற்கிறது. உங்கள் கைக்கருவி 8 முதல் 14 வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதால் பள்ளமும் மேடும் கலந்து 0.92 வருகிறது. லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் 10-ஆம் பட்டை (அது தனித்தனியே உணரும் அலைநீளப் பகுதிகளில் ஒன்று) 10.6 முதல் 11.19 மைக்ரோமீட்டர் வரை மட்டுமே பார்க்கிறது. அதற்குப் பள்ளம் தெரிவதே இல்லை. ஒரே மணலுக்கு இரண்டு மதிப்புகளும் மெய்யானவை. பெட்டியில் கிடைக்கும் 0.92-ஐ எடுத்து லேண்ட்சாட் கணக்கில் போட்டுவிடாதீர்கள். நம் வான நிலைமையில் உமிழ்திறனில் 0.01 தவறினால் வெப்பநிலையில் ஏறக்குறைய 0.3 டிகிரி தவறும். வறண்ட குளிர்ந்த வானத்தின்கீழ் அது அரை டிகிரியைத் தாண்டும். 0.05 தவறு என்றால் உங்கள் ஆய்வின் முடிவே மாறிவிடும். மாணவர்கள் பலர் இந்த இடத்தில் தவறுவதைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு உங்களுக்கு உதவக்கூடியது டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் கருவி. அது 8.1 முதல் 11.65 மைக்ரோமீட்டர் வரை ஐந்து பட்டைகளாகப் பிரித்துப் பார்ப்பதால் குவார்ட்ஸின் பள்ளத்தை முதல் மூன்று பட்டைகளில் தனியே காட்டும். 2000 முதல் 2008 வரை எடுத்த தெளிந்த வானப் படங்களைச் சராசரி செய்து உருவாக்கிய உமிழ்திறன் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதன் ஒரு படப்புள்ளி தரையில் 100 மீட்டர். சொத்தவிளையில் அலைக்கும் மேட்டுக்கும் இடையே உள்ள மணல், பல இடங்களில் அந்த அகலத்தை எட்டாது. ஒரே புள்ளியில் கடல்நீரும் மணலும் அடும்புக் கொடியும் தென்னையும் கலந்துவிடும். நீரும் இலையும் 0.98-க்கு மேல் என்பதால் கலவையின் மதிப்பு மேலே இழுக்கப்படும். நீங்கள் பார்த்த 0.97-இல் இந்தக் கலப்பும் இருக்கக்கூடும். எந்தப் பட்டைக்குரிய மதிப்பு, எத்தனை மீட்டர்ப் புள்ளி என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

வானத்தை அளந்த முறையிலும் ஒரு திருத்தம் வேண்டும். தலைக்கு நேர்மேலே வானம் மிகக் குளிர்ந்தும், தொடுவானத்தை நோக்கிச் செல்லச் செல்லச் சூடாகவும் தோன்றும்; மணல் எதிரொளிப்பது முழு அரைக்கோளத்தையும். ஒரே அளவில் முடிக்க வேண்டுமானால் உச்சியிலிருந்து 53 டிகிரி சாய்த்து நான்கு திசைகளிலும் எடுத்துச் சராசரி பாருங்கள். இன்னும் நல்லது, சமையலறை அலுமினியத் தாளை நன்றாகக் கசக்கி, மீண்டும் விரித்து மணல்மேல் பரப்பி அதைப் பார்ப்பது. கசங்கிய தாள் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் கதிரைக் கலந்து தரும். அருகில் நிற்கும் ஆட்களும் தென்னைகளும் அந்த அரைக்கோளத்தில் அடங்குவர் என்பதால், அளக்கும்போது உடன் வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பெட்டி செய்து முடித்து, இரண்டு இரவுகள் சொத்தவிளைக்குக் கொண்டுசென்றுவிட்டேன். சூடான மூடிக்குத் தடித்த அலுமினியத் தகட்டின் அடிப்பக்கத்தில் கரும்பூச்சுப் பூசி, மேலே வெந்நீர் நிரப்பிய தட்டையான எவர்சில்வர்ப் பாத்திரத்தை ஒட்டிவைத்தேன். நடுவில் துளைக்காக ஒரு குழாயை விட்டிருந்தேன்.

முதல் இரவு 0.88 வந்தது. வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் காரணம் புரிந்தது. மணலைப் பார்த்த பின் பெட்டியைத் தூக்கி, விளிம்பில் ஒட்டிய மணலைத் தட்டி, அடித்தகட்டைத் துடைத்து வைப்பதற்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தென்மேற்கிலிருந்து அடித்த கடற்காற்றில் மூடி 46 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு இறங்கிவிட்டது. மணலின்மேல் கதிரைப் பொழிந்தபோது இருந்த மூடி வேறு, நான் அளந்த மூடி வேறு. மண்ணுக்குள் மின்னிரட்டையைச் செருகியபோது செய்த தவற்றை, நேரத்தில் மீண்டும் செய்திருக்கிறேன்.

இரண்டாம் இரவு மூடியின் மேல்புறம் முழுவதும் தெர்மாகோல் வைத்து, தகட்டின் உட்புறத்தில் மின்னிரட்டையை நிலையாகப் பொருத்தினேன். என் தம்பி பக்கத்திலேயே பரப்பி வைத்த அடித்தகட்டின்மேல் பெட்டியை அப்படியே நகர்த்தி வைத்ததால் மாற்றுவதற்கு முப்பது வினாடிதான் ஆயிற்று. இரவு ஒன்பது மணிக்கு, பனி இறங்குமுன், மெருகு மூடியோடு மணல் 25.6 டிகிரி, சூடான மூடியோடு 27.4, அடித்தகட்டின்மேல் 45.1, கடைசியில் மீண்டும் மெருகு மூடியோடு 25.8. சூடான மூடி மணலையும் கொஞ்சம் சூடேற்றியிருக்கிறது என்பதால் முதல், கடைசி அளவுகளின் சராசரியை எடுத்துக்கொண்டேன். கதிர்வீச்சாக மாற்றிக் கணக்கிட்டதில் 0.92 வந்தது. பத்தடி இடைவெளியில் ஐந்து இடங்களில் செய்ததில் 0.91-க்கும் 0.93-க்கும் இடையிலேயே நின்றது. ஐந்து டப்பாக்களில் மணலும் எடுத்து வந்திருக்கிறேன்.

ஓர் ஐயம். சுவர் முழுமையாக எதிரொளிப்பதாகக் கொண்டுதான் கணக்கிட்டேன். மெருகு அலுமினியமும் 0.03 முதல் 0.05 வரை உமிழுமே, அதைத் திருத்த வேண்டாமா? மேலும், மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் கருமணல் கோடு கோடாகப் படிந்திருக்கிறது; அதற்கும் இதே முறை பொருந்துமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மார்த்தாண்டம்

மகளே, 0.92 என்ற எண்ணைக் கண்டு மகிழ்ந்தேன். திருத்தம் வேண்டும்தான். அதற்கென்றே நான்காவது அளவு ஒன்று உண்டு: மேலும் கீழும் மெருகுத் தகடுகளையே வைத்து, சூடான மூடி இல்லாமல் பெட்டியின் உள்ளே பார்ப்பது. அது பெட்டிச் சுவரின் சொந்தக் கதிரைத் தரும். முதல் அளவில் மணல் முழுக் கரும்பொருளாகத் தோன்றாமல் எவ்வளவு குறைந்தது என்பதை அதைக் கொண்டு கணக்கிடலாம். பெட்டியின் வெப்பநிலை மணலுக்கு அருகில் இருக்கும்போது திருத்தம் சிறிதாகும் என்பதால், அளக்கத் தொடங்குமுன் பெட்டியைக் கால்மணி நேரம் அந்த இடத்திலேயே காற்றாட நிறுத்தி வை. அடுத்த முறை இதையும் சேர்த்து எடுத்துவிட்டால் மூன்றாம் தசம இடத்தைப் பற்றிப் பேசலாம்.

கருமணலுக்கு முறை பொருந்தும், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது வெப்ப அகச்சிவப்பிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாதே. அங்கே கறுப்பைத் தருவது இரும்பும் டைட்டானியமும் கலந்த ஆக்சைடான இல்மனைட்; அதில் சிலிக்கான் இல்லாததால் குவார்ட்ஸின் பள்ளம் இராது. சிவப்பைத் தரும் கார்னெட் சிலிகேட் வகை. அதன் பள்ளம் குவார்ட்ஸைவிட நீண்ட அலைநீளத்தில், 10 மைக்ரோமீட்டரைத் தாண்டி விழும். ஆகவே லேண்ட்சாட் பட்டையில் மறைந்துவிடும் என்று தக்கலைக்காரர் சொன்ன ஆறுதல் கார்னெட் மணலுக்குச் செல்லாது. இரண்டாவது, அந்தக் கோடுகள் அலையும் காற்றும் எடை பார்த்துப் பிரித்து அடுக்கியவை. மேலே இரண்டு மில்லிமீட்டர் கருமணலும் அதன்கீழ் வெண்மணலுமாக இருக்கும். நீ பெட்டியை இழுத்து வைக்கும்போது விளிம்பு சுரண்டினால், அல்லது மணலை அள்ளி வந்து ஆய்வகத்தில் கொட்டினால், எல்லாம் கலந்து வேறொரு மணலாகிவிடும். பெட்டியை நேராகத் தூக்கி நேராக இறக்கு. அளந்து முடித்த பிறகு, அகலமான செலோடேப் ஒன்றை அந்த இடத்தில் மெல்ல அழுத்தி எடுத்தால் மேற்பரப்பு மணிகள் மட்டும் ஒட்டி வரும். அதை உருப்பெருக்கியின்கீழ் வைத்துக் கறுப்பு, சிவப்பு, வெள்ளை மணிகளை எண்ணி, உமிழ்திறன் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வை.